தளம் மாறலாம், முகவரி மாறலாமா?

புதுக்கோட்டைக் கல்வெட்டுகளைப் பற்றி யார் எழுதினாலும் அடிக்குறிப்பில் ஐ.பி.எஸ். என்று போட்டு ஓர் எண் தருவார்கள். காவல்துறை அதிகாரி இல்லைங்க! 1929-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் அது. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. 1974 ஜனவரியில் தனி மாவட்டமாகத் திரும்பி வந்தது. வெளியிட்ட அரசே இல்லை. ஆனால் குடுமியான்மலைக் கல்வெட்டைத் தேடுகிறவருக்கு அந்த எண் இன்றும் வேலை செய்கிறது.

இணையத்தில் நிலைமை வேறு. என் குறிப்பேட்டில் உள்ள பழைய சுட்டிகள் பலவற்றைத் தட்டினால் ஒன்றுமே வருவதில்லை. இலவச இடம் கொடுத்துவந்த ஜியோசிட்டீசை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது, அங்கே குடியிருந்த பக்கங்களின் முகவரிகளும் கூடவே போயின. சேமித்து வைத்தவர்களிடம் எழுத்து தப்பியது. அதைச் சுட்டிய அடிக்குறிப்புகள்தான் அநாதையாயின.

இத்தனைக்கும், முகவரியை இடத்திலிருந்து பிரிக்கும் வழி 1983-லேயே வந்துவிட்டது. அதுவரை கணினிப் பெயர்களெல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் முறையில், பெயர் நம்முடையது; அது எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்பதை நாம் மாற்றிக்கொள்ளலாம். ஒரே சிக்கல், உலகெங்கும் உள்ள கணினிகள் பழைய விடையைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நேர அளவுக்கு டிடிஎல் என்று பெயர். விவரம் தெரிந்தவர்கள் இரண்டொரு நாள் முன்பே அதைச் சில நிமிடங்களாகக் குறைத்துவிடுவார்கள். புது சர்வரில் முழுப் பிரதியை ஏற்றி, சோதித்து, அப்புறம்தான் டிஎன்எஸ்-ஐத் திருப்புவார்கள். பழைய சர்வரையும் சில நாள் ஓடவிடுவார்கள். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றே பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்காமல் இருப்பது மாதிரி.

தமிழில் இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. தளம் திறக்கும், ஆனால் படிக்க முடியாது! தரவுத்தளத்தைப் பெயர்க்கும்போது எழுத்துக் குறியாக்கம் பொருந்தாவிட்டால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள்தான் நிற்கும். தளம் நிற்கவே இல்லை என்று சர்வர் கணக்குச் சொல்லும். வாசகனுக்கு அது நின்றுபோனதுதானே?

இங்கேதான் மதுரைத் திட்டத்தைப் பாராட்டத் தோன்றுகிறது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. அதன் பழைய கோப்புகளின் தலைப்பில் தமிழ்.நெட் முகவரி இருக்கும். பிறகு தனிப்பெயருக்கு மாறினார்கள். எழுத்துரு விஷயத்திலும் இரண்டு பெயர்ச்சி: 1999-இல் டிஸ்கி, 2004 முதல் யூனிகோடு. ஆனால் யூனிகோடு வந்தவுடன் டிஸ்கியைத் தூக்கி எறியவில்லை. பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பிரதியும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. பழைய கணினி வைத்திருந்தவரும் படித்தார், புதியது வாங்கியவரும் படித்தார். முக்கியமாக, நூலின் வரிசை எண்ணை மாற்றவில்லை. தலைப்புப் பகுதியை அப்படியே வைத்தால் யாரும் பரப்பலாம் என்று அனுமதியும் கொடுத்திருந்ததால், ஏதோ ஒரு சர்வர் படுத்தாலும் அந்த எண்ணைக் கொண்டு வேறிடத்தில் பிரதியைத் தேடலாம். ஐ.பி.எஸ். எண் செய்யும் அதே வேலை.

2015 அக்டோபர் 11 அன்று நம்ம புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. அப்போது எழுதிக்கொண்டிருந்த நம்மில் பலரும் பிளாக்ஸ்பாட்டில் இருந்தவர்கள்தாம். அந்த முகவரி கூகுளுடையது, நம்முடையதல்ல. சொந்தப் பெயர் ஒன்று வாங்கி பிளாக்கர் அமைப்பில் சேர்த்துவிட்டால், பழைய பிளாக்ஸ்பாட் முகவரியைத் தட்டுகிறவரை அதுவே புதுப் பெயருக்கு அனுப்பிவிடும். பின்னாளில் வேறு நிறுவனத்துக்குப் போனாலும் பெயர் கூடவே வரும். போகிற இடத்தில் ஒவ்வொரு கட்டுரையின் முகவரி வாலையும், அந்த ஆண்டு, மாதம் உட்பட, பழையபடியே அமைக்கச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் 301 என்ற நிரந்தரத் திருப்பலை ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள், விடாதீர்கள்.