முட்டையும் கப்பற்கோடும்



சிறுவயதில் எங்கள் வீட்டு அடுக்களையில் நான் செய்து பார்த்த ஒரு சோதனையைச் சொல்லித் தொடங்குகிறேன். கண்ணாடித் தம்ளரில் பாதியளவு நீர் வார்த்து, ஒரு கோழிமுட்டையை அதில் மெல்ல விட்டேன். முட்டை அடியிற்போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு உப்பைக் கரண்டி கரண்டியாக இட்டுக் கலக்கினேன். சிறிது நேரத்தில் முட்டை எழும்பி மிதந்தது! அதன் பின்னர் நல்ல நீரைத் தம்ளரின் ஓரமாகச் சிறுகச் சிறுக வார்த்தேன். முட்டை மேலும் வராமல், கீழும் போகாமல், இரு நீர்களுக்கும் இடையே நின்றது.

முட்டையின் எடை மாறவில்லை. மாறியது நீரின் அடர்த்தியே. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பதை, சைரக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே நிறுவினார். ஒரு கனமீட்டர் நல்ல நீரின் எடை ஏறத்தாழ 1,000 கிலோகிராம்; அதே அளவு கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிலோகிராம். ஆகவே, கடலில் மிதந்துவந்த கப்பல் ஆற்றுத் துறைமுகத்துள் நுழைந்ததும் சற்றே கூடுதலாக ஆழ்ந்துவிடும்.

இவ்வுண்மை ஈராயிரம் ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் மாலுமிகளின் உயிரைக் காக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கப்பல் முதலாளிகள் சிலர் அளவுமீறிச் சரக்கேற்றினர். காப்பீடு இருந்தமையால், கப்பல் மூழ்கினும் அவர்களுக்கு நட்டமில்லை. இத்தகைய கலங்களைச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே மக்கள் அழைத்தனர். ஒப்பந்தம் செய்துகொண்டபின் அவற்றில் ஏற மறுத்த மாலுமிகளோ சிறைக்கு அனுப்பப்பட்டனர்!

இக்கொடுமையை எதிர்த்து எழுந்தவர், டெர்பி நகரின் பார்லிமெண்டு உறுப்பினரான சாமுவேல் பிளிம்சால். 1873-இல் மாலுமிகளின் அவலத்தை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். 1875 ஜூலையில், கப்பல் மசோதாவை அரசாங்கம் கைவிடவே, அவையிலேயே சினந்து முழங்கினார். நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. அதன் பயனாக, 1876-இல் கப்பலின் பக்கத்தில் சரக்களவுக் கோடு தீட்டவேண்டுமெனச் சட்டம் பிறந்தது. ஆயினும், அக்கோட்டை எவ்விடத்தில் தீட்டுவது என்பது முதலாளியின் விருப்பத்துக்கே விடப்பட்டது! அக்குறையை நீக்கி, கோட்டின் இடத்தை அரசாங்க விதிகளே வரையறுக்கச் செய்தது 1890-ஆம் ஆண்டுச் சட்டம். 1930-இல் இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையால் பல நாடுகளும் இம்முறையை ஏற்றன.

துறைமுகத்துக்குச் செல்லும்போது சரக்குக் கப்பலின் பக்கத்தை உற்று நோக்குங்கள். நடுவே கோடு பாய்ந்த ஒரு வட்டமும், அதனருகே ஏணிப்படிபோற் பல கோடுகளும் தெரியும். அவற்றுள் நல்ல நீருக்குரிய கோடு, கடல்நீருக்குரிய கோட்டைவிடச் சற்று மேலே இருக்கும். நல்ல நீரில் கப்பல் அந்த அளவு ஆழ்ந்தாலும், கடலை அடைந்ததும் தன் கோட்டளவுக்கு எழும்பிவிடும் என்பதே அதன் பொருள்.

தம்ளரில் முட்டை எழும்பிய காரணமும் கப்பல் எழும்பும் காரணமும் ஒன்றே. இன்று மாலையே உங்கள் வீட்டில் இச்சோதனையைச் செய்து பாருங்கள். செய்யும்போது, அக்கோடு இல்லாத காலத்தில் கடலில் மாண்ட மாலுமிகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.