ஊன்றாத கோல்

சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில் சுகம் காண்பவர்களுக்கு ‘ஊன்றுகோல்’ நல்ல விருந்து. ஊன்றிய, ஊன்றுகின்ற, ஊன்றும் என முக்காலமும் ஒளிந்திருக்கும் வினைத்தொகை அது. நடுவில் ககரம் மிகாமல் நிற்பதே சான்று. ஆனால் வள்ளுவர் 415ஆம் குறளில் ஆள்வது இந்த வடிவத்தை அன்று, ‘ஊற்றுக்கோல்’ என்பதை. கன்றையுடைய ஆ ‘கற்றா’ ஆவது போல, ஊன்று என்னும் மென்றொடர் வன்றொடராகி, ஊற்று என்று பெயராய்த் திரண்டு, அதன்பின் வந்த கோலின் ககரத்தை இரட்டிக்க வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய குறளிலோ ஊற்று கோலின் துணையில்லாமல் தனியே நின்று, தளர்ச்சியில் பற்றுக்கோடு என்று பொருள் தருகிறது. நிலத்தில் சுரக்கும் ஊற்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒலி ஒன்று, வேர் வேறு. அது ஊறுவது, இது ஊன்றுவது.

ஊன்றுதல் என்பதில் எப்போதும் கீழ்நோக்கிய அழுத்தம் ஒன்று உண்டு. விதையை ஊன்றுகிறோம், காலை ஊன்றுகிறோம், குலை தள்ளிய வாழை காற்றில் சாயாதிருக்க ஊன்றுகால் கொடுக்கிறோம், பாடத்தை ஊன்றிப் படிக்கச் சொல்கிறோம். பாரம் இறங்க வேண்டும், இறங்கிய இடத்தில் நிலைக்க வேண்டும். சங்கப் புலவர் ஒருவருக்கு இந்தத் தடியே பெயராகிவிட்டது. புறநானூற்றின் 243ஆம் பாட்டில், குளத்தில் பாய்ந்து விளையாடிய இளமையை எண்ணி ஏங்கும் முதியவரின் கையில் உள்ள தடியைச் சொன்ன அழகுக்காக, இயற்பெயர் மறைந்து, தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார். தொடி என்பது வளை; இங்கே தடியின் தலையில் இட்ட பூண். பூணிட்ட தலையுடைய பருத்த தண்டு. (தண்டு தமிழா வடமொழியா என்ற வழக்கை இன்று கிளற வேண்டாம், பொழுது போதாது.)

முதுமைக்கும் வழுக்கு நிலத்துக்கும் உரியதாயிருந்த ஊன்றுகோல், இன்று அரசு நலத்திட்டப் பட்டியல்களில் சக்கர நாற்காலிக்கும் காதொலிக்கருவிக்கும் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டது. அக்குளில் தாங்குவதும் முழங்கையில் மாட்டுவதும் அப்பெயருக்குள் அடக்கம். ஊன்றும் வரையில் சரியே.

சிக்கல் பார்வையற்றோரின் வெள்ளைக் கோலில்தான் தொடங்குகிறது. 1921இல் பிரிஸ்டல் நகரில் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ், வண்டியோட்டிகளின் கண்ணில் படட்டும் என்று தம் கைத்தடிக்கு வெள்ளை பூசினார். அப்போதும் அது கைத்தடிதான். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1944இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்த கோலோ நீண்டு, மெலிந்து, நெஞ்செலும்பு வரை உயர்ந்தது. சாய்ந்தால் தாங்காது, தாங்கவும் அதைச் செய்யவில்லை. இடக்கால் முன்வைக்கும்போது நுனி வலப்பக்கம் தட்டும், வலக்கால் வைக்கும்போது இடப்பக்கம் தட்டும். அடுத்த அடி விழப்போகும் இடத்தை அது முன்னதாகவே தொட்டுப் பார்த்துவிடுகிறது. இதைப் போய் ஊன்றுகோல் என்பது எப்படி?

இலங்கைத் தமிழர் வெள்ளைப் பிரம்பு என்கிறார்கள். அக்டோபர் 15 அவர்களுக்கு வெள்ளைப் பிரம்பு தினம். ஓசை இனிதுதான், ஆனால் பிரம்பு என்றதும் எனக்கு வாத்தியார் நினைவு வருகிறார். மடக்கி விரிக்கும் அலுமினியக் குழாயில் பிரம்பும் இல்லை. தடியோ அடியை நினைவூட்டும். வெண்கோல் என்பதே என் தேர்வு. கோலின் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்: அளவுகோல் அளக்கிறது, துலாக்கோல் நிறுக்கிறது, திறவுகோல் திறக்கிறது, எழுதுகோல் எழுதுகிறது. ஒன்றுகூட பாரம் தாங்குவதில்லை. தரையைப் படிக்கும் கோலுக்கு இந்தச் சுற்றம் பொருத்தம்.

படிப்பதற்கு ஏற்றபடி தரையும் மாறியிருக்கிறது. சென்னை மெட்ரோ நிலையங்களில் மஞ்சள் ஓடுகள் பதித்த தடத்தைப் பார்த்திருப்பீர்கள். நீள வரிமேடு என்றால் நடக்கலாம், புள்ளிமேடு என்றால் நின்று கவனிக்க வேண்டும். ஜப்பானியரான மியாகே செய்இச்சி வகுத்த இந்த ஓடு முதன்முதலில் 1967இல் ஒகயாமா நகரில் பதிக்கப்பட்டது. அங்கே அதன் பெயர் தென்ஜி புரொக்கு. தென்ஜி என்றால் புள்ளியெழுத்து, அதாவது பிரெயில். தரையையே ஏடாக்கிய பெயர்.

தில்லி ஐஐடியினரோ, வெண்கோலின் பிடியில் பொருத்தும் ஒரு கருவியைச் செய்திருக்கிறார்கள். மீயொலி அனுப்பி, எதிரொலி வாங்கி, முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தடையைக் கையதிர்வால் அறிவிக்கிறது. ‘ஸ்மார்ட் கேன்’ என்றே வழங்குகிறது. ஊன்றுவதுமில்லை, தொடுவதுமில்லை, துழாவுகிறது. துழவுகோல் என்று பழகிப் பார்க்கலாமா என்று எனக்கு ஆசை. ஆனால் நாள்தோறும் அதைக் கையில் எடுப்பவர்கள் ‘ஸ்டிக்’ என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் நாவில் ஏறாத வரை என் துழவுகோல் காகிதக் கோல்தான்.