பகலில் மேசை, இரவில் கட்டில்

எங்கள் டிராவல் டிரெய்லரில் சாப்பாட்டு மேசையின் உயரம் தரையிலிருந்து 30½ அங்குலம். மேசைக்கு இருபுறமும் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. மெத்தை அமுங்கியபின் உட்காரும் உயரம் 16 அங்குலம். ஆக, இரண்டுக்கும் இடையே 14½. நிம்மதியாகச் சாப்பிட 11, 12 அங்குலம் போதும். என் மனைவி ஐந்தடிக்கும் சற்றுக் குறைவு. முதல் பயணத்தில், மிஷிகன் ஏரிக்கரையில் லடிங்டன் பூங்காவில் வண்டியை நிறுத்தி, இட்லித் தட்டை அவள் முன்னால் வைத்தேன். தட்டு அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. "பேங்க் கவுன்டர்ல நின்னுகிட்டு சாப்பிடுற மாதிரி இருக்கு" என்றாள்.

ஊர் திரும்பியதும் மேசையைக் குட்டையாக்கக் கிளம்பினேன். ஒரு மதியத்து வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் இழுத்தது.

டிராவல் டிரெய்லர் என்பது காருக்கோ பிக்கப் டிரக்குக்கோ பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் வீடு. அதற்குள் எதிரெதிர்ப் பெஞ்சும் நடுமேசையும் சேர்ந்த மூலைக்கு அமெரிக்கர்கள் 'டினெட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் மேசையை இரண்டு இரும்புப் பைப்புகள் தாங்குகின்றன. தரையில் ஒரு கிண்ணம், பலகையின் அடியில் ஒரு கிண்ணம், இரண்டுக்கும் நடுவே பைப். ஆணி இல்லை, ஸ்க்ரூ இல்லை. பைப்பின் இரு முனைகளும் லேசாகக் கூம்பி இருக்கும். கிண்ணத்தில் வைத்துத் தட்டினால் இறுகிக்கொள்ளும், ஆட்டி இழுத்தால் கழன்று வரும்.

அந்தக் கூம்பல் எதற்கு என்று யோசிக்காமல் ஆக்ஸா பிளேடை எடுத்து இரண்டு பைப்பிலும் இரண்டு அங்குலம் அறுத்தேன். அறுபட்டது கூம்பிய முனை. மிச்சமிருந்த மழுங்கல் முனை கிண்ணத்தில் இறங்கவே இல்லை, மேலே ஒண்டிக்கொண்டு நின்றது. சாயங்காலம் மகள் முழங்கையை ஊன்றியதும் மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. சாம்பார் முழுதும் தரையில்.

வேறு பைப் வாங்க எல்க்ஹார்ட் போனேன். இண்டியானா மாநிலத்தின் வட எல்லையில் இருக்கும் ஊர். ஒரு காலத்தில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் செய்து பேர் வாங்கியது. 1930களில் வில்பர் ஷுல்ட் போன்றவர்கள் அங்கே டிரெய்லர் கட்டத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்காவில் ஓடும் இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பகுதி அந்த ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும்தான் உருவாகிறது. சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் சமூகத்து ஆட்கள் அந்தப் பட்டறைகளில் கார் இழுக்கும் வீடுகளைச் செய்கிறார்கள். ஊர் மொத்தமும் ஒரே தொழிலை நம்பியிருப்பதால், அது படுத்தால் ஊரும் படுத்துவிடும். 2009 பிப்ரவரியில், பதவியேற்ற சில வாரங்களிலேயே, ஒபாமா அங்கே போனார். அப்போது எல்க்ஹார்ட்டில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார்கள்.

உபரிப் பொருள் விற்கும் ஒரு கடையில் பைப்புகளை விறகு மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். 25½, 27½, 29½, 31½ அங்குலம். படிக்கு இரண்டிரண்டாக ஏறும். என்னுடையது 27½. நான் பிளேடு தேயத் தேய அறுத்து உண்டாக்கிய அளவு, இரு முனையும் கூம்பியபடி, பத்திரமாக அங்கே சாய்ந்து நின்றது.

அதே ஊரில் இந்த வண்டிகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஃபோர்டு மாடல் டி காரோடு சேர்த்து 1913ஆம் வருடத்து மரப்பெட்டி டிரெய்லர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிச் சுற்றி வந்தபோதுதான் எனக்கு ஒரு கேள்வி முளைத்தது. பகலில் மேசையாக இருப்பது இரவில் கட்டிலாக மாற வேண்டும் என்று யாருக்கு முதலில் தோன்றியிருக்கும்?

தேடிப் படித்தபோது அது என்னைத் தண்டவாளத்தில் கொண்டுபோய் விட்டது. 1856இல் தியோடர் உட்ரஃப் என்பவர், ரயில் இருக்கைகளையே படுக்கையாக்கும் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1859இல் ஜார்ஜ் புல்மேன் இல்லினாய் மாநிலம் புளூமிங்டனில் சாதாரணப் பெட்டி இரண்டை எடுத்து, லெனர்ட் சீபர்ட் என்ற கைவினைஞரை வைத்துத் தூங்கும் வண்டிகளாக மாற்றினார். அந்த வருடம் செப்டம்பர் 1 இரவு அதில் ஒன்று சிகாகோவுக்குப் புறப்பட்டது. பின்னால் புல்மேன் பெட்டிகளில் நிலைத்த ஏற்பாடு இது: பகலில் இரண்டு இருக்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். இரவில் இருக்கைகள் நடுவை நோக்கி நகரும், சாய்மானம் இறங்கி இடைவெளியை மூடும், மேலே இன்னொரு படுக்கை கூரையிலிருந்து இறங்கும். சீட்டாடவோ சாப்பிடவோ வேண்டுமென்றால் பணியாள் ஒரு சின்ன மேசையைக் கொண்டுவந்து நடுவில் மாட்டுவார்.

நம் ஊர் ஸ்லீப்பர் கோச்சின் சைடு லோயரும் இதே வித்தைதான். இரண்டு ஒற்றை இருக்கைகள், சாய்மானத்தை மடக்கினால் ஒரு படுக்கை. நடுவில் பலகைகள் சேரும் இடத்தில் ஓர் இடுக்கு. அந்த இடுக்கு முதுகில் குத்தாமல் சென்னையிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு.

1920களில் அமெரிக்காவில் சின்ன வீடுகள் பெருகியபோது சமையலறை மூலையிலும் இந்த எதிரெதிர்ப் பெஞ்சு வந்து உட்கார்ந்தது. ரயிலை நினைத்து 'புல்மேன் மூலை' என்றே சிலர் அதை அழைத்தார்கள். அங்கே மேசைக்கு ஒரே வேலை. இரவில் அது யாரையும் சுமக்க வேண்டியதில்லை.

சாலைக்கு வந்தபோதுதான் மேசைக்கு இரண்டாவது உத்தியோகம் விழுந்தது. 1919இல் புளோரிடாவின் டாம்பாவில் கார்ப் பயணிகள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று சங்கம் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கூடாரம்தான் வீடு. டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் நுண்ணுயிரியல் படித்தவர். மழையில் கூடார டிரெய்லரைப் பிரிக்க முடியாமல் குடும்பத்தோடு நனைந்த எரிச்சலில், கெட்டிச் சுவர் வைத்த பெட்டி ஒன்றைச் செய்யவைத்தார். 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார்க் கண்காட்சியில் வைத்தார். சில வருடங்களில் அவருடைய கவர்டு வேகன் கம்பெனி நாட்டிலேயே பெரிய டிரெய்லர் கம்பெனி ஆயிற்று.

மேற்கே கலிஃபோர்னியாவில் ஹாலி பவுலஸ், வாலி பையாம் இருவரும் விமானம் கட்டும் முறையில் அலுமினியத் தகட்டை வளைத்தார்கள். லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்தவர் பவுலஸ். 1936இல் பையாமின் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் 1,200 டாலர் விலையில் வந்தது. நாலு பேர் படுக்கலாம். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் அமைந்த டினெட் இரவில் கட்டிலாக மாறும் என்பதுதான் அந்த நாலுக்கு ஆதாரம்.

ரயிலில் மேசையைக் கழற்றிக் கொண்டுபோக ஒரு பணியாள் இருந்தார், வைக்க இடமும் இருந்தது. எட்டடி அகல டிரெய்லரில் இரண்டும் கிடையாது. கழற்றிய பலகையை எங்கே வைப்பது? நடுவிலேயே இறக்கிப் படுக்கையாக்கிவிடு. இப்படித்தான் மேசை கட்டிலின் நடுப்பகுதி ஆனது. இரண்டாம் உலகப் போரின்போது டெட்ராய்ட் அருகே வில்லோ ரன்னில் பி-24 குண்டுவீச்சு விமானம் செய்ய வந்த தொழிலாளிகள் பலர் டிரெய்லரிலேயே குடித்தனம் நடத்தினார்கள். உல்லாசத்துக்கென்று செய்த பலகை அங்கே தினசரிப் பிழைப்புக்கு நின்றது.

எங்கள் வண்டியில் கணக்கு இப்படி: பெஞ்சு ஆழம் 20 அங்குலம், நடுவெளி 34, அடுத்த பெஞ்சு 20. மொத்தம் 74, ஆறடி இரண்டு அங்குலம் உள்ளவர் நீட்டிப் படுக்கலாம். பெஞ்சுப் பெட்டிகளின் முகப்பில் ஒரு ரீப்பர் கட்டை அடித்திருக்கிறது. பைப்பைக் கழற்றி மேசைப் பலகையை இறக்கினால் இரண்டு ரீப்பரின் மேலும் உட்கார்ந்து பெஞ்சு மட்டத்துக்கு வந்துவிடும். சாய்மான மெத்தைகளை அதன்மேல் பரப்பினால் படுக்கை. மேசையின் நீள அகலத்தைத் தீர்மானித்தது சாப்பாட்டுத் தட்டு இல்லை, தூங்குகிறவனின் உடம்பு.

உயரம் மட்டும் பகலுடையது. அதுவும் யாருடைய பகல்? 1955இல் ஹென்றி டிரைஃபஸ் என்ற வடிவமைப்பாளர் 'டிசைனிங் ஃபார் பீப்பிள்' என்ற புத்தகத்தில் ஜோ, ஜோசஃபின் என்று இரண்டு சராசரி அமெரிக்க உடம்புகளை அங்குலம் அங்குலமாக வரைந்து காட்டினார். மேசையும் நாற்காலியும் அப்படிப்பட்ட உடம்புகளுக்குத்தான் அளவெடுத்து வந்தன. போதாக்குறைக்கு, அந்தப் பத்தாண்டில் பாலியூரிதேன் ஃபோம் சந்தைக்கு வந்தது. இலேசு, மலிவு; ஆனால் வருடங்கள் போகப் போக அமுங்கிவிடும். மேசை வளர்வதில்லை, இருக்கை தாழ்கிறது. என் 14½ அங்குலத்தில் பாதிக் குற்றம் மெத்தையுடையது.

இது புரிந்ததும் அடுத்த தப்பைச் செய்தேன். உட்காரும் மெத்தைகளுக்கு மட்டும் கெட்டியான, தடித்த ஃபோம் வாங்கிப் போட்டேன். பகல் பிரமாதம். அடுத்த பயணத்தில் மகள் அதில் படுத்தாள். தலைப்பக்கமும் கால்பக்கமும் புது மெத்தை, நடுவில் பழைய சாய்மான மெத்தை. காலையில் "வாய்க்காலுக்குள்ள தூங்கின மாதிரி இருந்துச்சுப்பா" என்றாள்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்பில் ஃபர்னிஷிங் பிரிவில் மரவேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்துவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. முதலில் சுவிஸ் தொழில்நுட்பத்தில் வெறும் பெட்டிக் கூடுகளைத்தான் செய்தார்கள். இருக்கை, படுக்கை பொருத்தும் ஃபர்னிஷிங் பிரிவு 1962இல் வந்தது. அப்பாவுக்கு இன்றைக்கும் எந்தப் பலகையைப் பார்த்தாலும் கை தானாக அதன் விளிம்பைத் தடவும்.

முழுக் கதையையும் கேட்டார்.

"ஏன்டா, ஒக்கார்ற எடம் அமுங்கியிருக்குன்ற. அத உட்டுட்டு மேசைக் கால எதுக்கு அறுத்த?"

"சாப்பிட வசதியா இருக்கணும்னுதாம்பா."

"சாப்புடறது அர மணி நேரம். படுக்கறது எட்டு மணி நேரம். மொதல்ல படுக்கையப் போட்டு மட்டம் பாரு. அப்புறம் அதுமேல ஒக்காந்து அள. மேசை கடைசி."

நான் தொடங்கிய இடத்தில் அவர் முடிக்கச் சொன்னார். அவர் சொன்ன வரிசையிலேயே செய்தேன். பெஞ்சு மேல்பலகைகளின்மேல் முக்கால் அங்குல பிளைவுட். பெஞ்சு ஏறினால் இரவில் மேசை உட்காரும் ரீப்பரும் ஏற வேண்டும். அதையும் கழற்றி, முக்கால் அங்குலம் மேலே ஏற்றி, ரசமட்டம் வைத்து முடுக்கினேன். உட்காரும் மெத்தை, சாய்மான மெத்தை எல்லாவற்றுக்கும் ஒரே தடிமனில், நாலு அங்குலத்தில், புது ஃபோம். உட்கார்ந்து அளந்தால் 17¼. கடைசியாக எல்க்ஹார்ட் பைப்புகளைக் கிண்ணத்தில் இறக்கித் தட்டினேன். மேசை 28½. இடைவெளி 11¼.

மனைவி உட்கார்ந்து பார்த்தாள். முழங்கை மேசையில் இயல்பாக விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் காபி கொண்டுவரச் சொன்னாள். உடனே அப்பாவைக் கூப்பிட்டு, "இப்ப சாப்பிட சரியா இருக்குப்பா" என்றேன்.

"படுத்துப் பாத்தியா?"

பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே காபியை ஓரம் வைத்துவிட்டுப் பைப்பைக் கழற்றி, பலகையை இறக்கி, மெத்தையைப் பரப்பிப் படுத்தேன்.

"முதுகுல இடுக்கு தெரியுதா?"

"இல்லப்பா."

"அப்ப மேசையும் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்தார்.