திரைகடல் வணிகமும் காலச்சூழலும்

"செட்டி கப்பலுக்குச் செந்தூரான் துணை" என்பது முன்னோர் மொழி. கடல் கடந்து வணிகம் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார், சென்ற இடமெல்லாம் முருகப் பெருமானுக்குக் கோயில் எழுப்பினர். சிங்கப்பூர் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் 1859இல் எழுந்தது. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் அவர்கள் நடத்திய வட்டிக்கடைகள் நாணயத்திற்குப் பெயர் பெற்றவை. எனினும், நாணயமும் உழைப்பும் மட்டுமே ஒரு தொழிலை நிலைநிறுத்திவிடுவதில்லை. புறச்சூழலும் துணை நிற்றல் வேண்டும். இதனை அவர்தம் வரலாறே காட்டுகிறது.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தி வயலாக்கிய உழவர்க்குக் கடன் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் சிற்றுழவரை நாடவில்லை. நகரத்தார் கடைகள் அத்தேவையை நிறைவு செய்தன.

1930ஆம் ஆண்டையொட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது. பணமாகத் திரும்ப வேண்டிய கடன் நிலமாகத் திரும்பிற்று. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, சில ஆண்டுகளில் 25 விழுக்காடாயிற்று. அவர்கள் விரும்பியது நிலமன்று. ஆயினும் வாழ்வாதாரம் இழந்த உழவனின் கண்முன் நின்றவர் கடைக்காரரே. கசப்பு வளர்ந்தது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பால் பலர் ஊர் திரும்பினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1963இல் வங்கிகளும் அரசு வசமாயின.

மலாயாவிலும் அம்மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தது. ஆனால், 1913இல் பிறந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1933இல் மேலும் இறுக்கப்பட்டது. அந்நிலங்களை ஈடாகப் பெறும் வழி அடைபட்டது. அன்று அது கடைகளுக்குத் தடையாகவே தோன்றியிருக்கும். பர்மாவில் நேர்ந்ததை எண்ணுங்கால், உழவனைக் காத்த அச்சட்டம் கடன் கொடுத்தவரையும் பெரும்பகையினின்று காத்தது எனலாம்.

ஒரே மரபினர், ஒரே கணக்குமுறை, விளைவுகளோ வேறு. விலை, போர், சட்டம் ஆகியவற்றை வணிகர் ஆள இயலாது. ஆயினும் கடன் பெற்றவர் வாழ்ந்தாலன்றிக் கடன் தந்தவர் நிலைக்க முடியாது என்பதை உணர்ந்து நடத்தல் அவர் கையில் உள்ளது. வருவாயில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி அவர்கள் எழுப்பிய ஆலயங்கள், கடைகள் பல மறைந்த பின்னும் நிலைத்து நிற்கின்றன.