72-க்கும் பாட்டு எழுதிய கோடீஸ்வர ஐயர்

'மாடர்ன் கம்போசர்' என்றாலே நமக்கு ஐரோப்பா ஞாபகம்தான் வரும். 1920களில் ஷோன்பெர்க் 12 சுரங்களையும் சரிசமமாக்கி இசை எழுதிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில் நம்ம பக்கத்துக்காரர் ஒருவர் வேறொரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கோடீஸ்வர ஐயர் (1870–1938), கவிகுஞ்சர பாரதியின் பேரன். விருதுநகர் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம்தானே, அந்த உரிமையில்தான் பக்கத்துக்காரர் என்கிறேன்.

கணக்கு இதுதான். ரி-க ஜோடி 6, த-நி ஜோடி 6, மத்திமம் 2. பெருக்கினால் 72 மேளகர்த்தா. என்னை மாதிரி கோடு எழுதுறவனுக்கு மூணே லூப்பில் முடிகிற வேலை. ஆனா வருவது வெறும் அட்டவணை. அதை யாராவது பாடணுமே?

சிக்கல் அங்கேதான். ரி-க ஜோடி ஆறில் இரண்டு விவாதி, த-நியிலும் அப்படியே. சுரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் பெரிய இடைவெளி விட்டுத் தாவும். விவாதி தொடாதவை 4×4×2, அதாவது 32. மீதி 40 ராகங்களைப் பாடினால் பாடுறவங்களுக்கு ஆகாது என்று பெரிய வித்வான்களே பயந்தார்கள். பாதிக்கு மேல் பூட்டு!

மகா வைத்தியநாத ஐயர் 72-ஐயும் ஒரே ராகமாலிகையில் கோத்திருந்தார். அதில் ஒரு ராகத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்துவிடலாம். கோடீஸ்வர ஐயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முழுக் கீர்த்தனை எழுதினார். தமிழில், முருகன் மேல், ராகத்தின் பெயரையும் சாகித்தியத்துக்குள்ளேயே வைத்து. முத்திரை 'கவிகுஞ்சரதாசன்', தாத்தாவுக்கான மரியாதை. 1930களில் 'கந்த கானாமுதம்' என்று புத்தகமாகவும் வந்தது.

68-வது மேளமான ஜோதிஸ்வரூபிணியில் 'கானமுத பானம்' கேட்டுப் பாருங்கள். ஸ-விலிருந்து ஒரே தாவில் மேலே போய், அங்கே ரி-யும் க-வும் தோளோடு தோள் உரசும். முதல் தடவை சுருதி விலகின மாதிரி இருக்கும், மூணாவது தடவை பிடித்துப்போகும். 72-ம் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற சட்டகத்தையும் அவர் மாற்றவில்லை. ஆனாலும் 'பாடக்கூடாது' என்றதைப் பாடவைத்தவரை மாடர்ன் என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

புத்தகத்தில் இருந்தவற்றைத் தொண்டைக்குக் கொண்டுவந்தவர் எஸ். ராஜம் (1919–2010). சென்னை வானொலியில் வேலை பார்த்தவர், ஓவியர், வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். மும்மூர்த்திகள் என்றதும் நம் கண்ணுக்கு வருகிற படம் அவர் வரைந்தது. விவாதி ராகங்களை வாழ்நாள் முழுக்கப் பாடினார், சொல்லியும் கொடுத்தார். 90 வயது வரை இருந்தார்.