புற எதிர்த்துடிப்புச் சிகிச்சை

இதயத்தின் முடியுரு நாடிகள் ஒடுங்கியதால் வரும் நெஞ்சு நோ மருந்துக்கும் அடங்காமல், பைபாஸுக்கும் ஸ்டென்டுக்கும் வழியில்லாமல் இருப்பவர்களுக்கு, உடலைக் கீறாமல் அளிக்கப்படும் சிகிச்சை. வைத்தியர்கள் ஈ.ஈ.சி.பி. என்பார்கள்.

இதயத் தசைக்கான குருதி பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் பாய்கிறது. அந்த நேரத்தில் அமுக்கத்தைக் கூட்டினால் பாய்ச்சலும் கூடும் என்று 1953இல் கன்ட்ரோவிட்ஸ் சகோதரர்கள் விலங்குகளில் காட்டினார்கள். 1960களில் அமெரிக்காவில் சோரோஃப், பேர்ட்வெல் ஆகியோர் நீரமுக்கத்தால் கால்களை இறுக்கும் இயந்திரத்தைப் பரீட்சித்தார்கள். அது கால் முழுவதையும் ஒரே சமயத்தில் இறுக்கியது. பலன் சீராக வரவில்லை. 1967இல் பெருநாடிக்குள் பலூன் செலுத்தும் முறை வந்ததும் கவனம் அப்பக்கம் திரும்பியது.

கைவிடப்பட இருந்த இந்த முறையை மீட்டெடுத்த பெருமை சீனாவின் குவாங்சோ நகருக்கே உரியது. அங்கு ஜெங் ஜென்ஷெங் குழுவினர் நீரை விட்டுக் காற்றுக்கு மாறினார்கள். கெண்டைக்கால், கீழ்த்தொடை, மேல்தொடையும் பிட்டமும் என்று பட்டிகள் கீழிருந்து மேலாக ஒன்றன்பின் ஒன்றாக இறுகின. குருதி இதயத்தை நோக்கிப் பிழிந்து தள்ளப்பட்டது. இன்றைய இயந்திரங்கள் எல்லாம் இதன் வழிவந்தவை.

நியூயோர்க்கின் ஸ்டோனி புரூக்கில் நடந்த ஆய்வு 1992இல் வெளியானது. 1995இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 1999இல் 139 பேரிடம், பாதிப் பேருக்குப் பெயரளவு அமுக்கம் மட்டும் கொடுத்து ஒப்பிட்டார்கள். உண்மைச் சிகிச்சை பெற்றோருக்கு நெஞ்சு நோ குறைந்தது. ஆனால் உடற்பயிற்சி நேரத்தில் இரு குழுக்களுக்கும் திட்டமான வேறுபாடு தெரியவில்லை. ஆயுளைக் கூட்டும் என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே 'இயற்கை பைபாஸ்' என்ற விளம்பரத்தை நம்பி, அவசியமான சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

நோயாளி சிறுநீர் கழித்துவிட்டு, தோல் உராயாதபடி இறுக்கமான காற்சட்டை அணிந்து படுப்பார். ஈ.சி.ஜி. காட்டும் துடிப்பைப் பார்த்தே பட்டிகள் இறுகித் தளரும். அமுக்கம் 300 மில்லிமீற்றர் இரசம் வரை ஏறும். விரலில் மாட்டிய உணரி காட்டும் இரண்டாவது அலை உயர்ந்தால் அமுக்கம் சரியான நேரத்தில் விழுகிறது என்று பொருள்.

வழமையாக நாளுக்கு ஒரு மணியாக, ஏழு வாரங்களில் 35 மணி. கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து சென்னைக்குப் போய்ச் செய்ய நினைப்பவர் தங்கும் செலவையும் துணைக்கு வருபவரின் நாட்களையும் கணக்கிட வேண்டும். நீரிழிவால் கால் நாடிகள் கடுமையாக அடைபட்டோர், பெருநாடி வால்வு கசிவோர், காலில் குருதி உறைந்தோர், அடங்காத குருதியமுக்கம் உள்ளோர் இதைப் பெறக்கூடாது. பணம் கட்டுமுன் இருதயநோய் நிபுணரிடம் இவற்றைப் பரிசோதித்துக்கொள்வது கட்டாயம்.