ஆச்சி போட்ட துணியும் தாத்தாவின் ரேடியோவும்

போன எபிசோடு கேட்டுட்டு ஒருத்தர் மெசேஜ் போட்டிருந்தார்: "என் ஆம்ப்ளிஃபயர் ஒரு மணி நேரத்துல தானா ஆஃப் ஆகுது, ஏன்?" பதில் சொல்றேன். அதுக்கு முன்னால எங்க சாத்தான்குளம் வீட்டுல நடந்த ஒரு பழைய சண்டையைச் சொல்லணும்.

1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் திருநெல்வேலி ஜில்லாவுல ஊர் ஊரா கரண்ட் பரவுச்சு, பின்னாலேயே வால்வு ரேடியோவும் வந்துச்சு. எங்க தாத்தா வாங்கினது 1958-ல். அப்ப ரேடியோ வச்சிருக்க லைசென்ஸ் வேணும், போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டணும். அவ்வளவு செலவு பண்ணி அவர் கேட்டது இலங்கை வானொலி. 1952-ல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டை ஒதுக்கி வச்சதும், ஜனங்க கொழும்பு பக்கம் திரும்பிட்டாங்க. எங்க ஊருக்குச் சென்னை இருக்கிற தூரத்துல பாதிகூட இல்லை கொழும்பு. 1957-ல் விவித பாரதி வந்துச்சு, 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையமே வந்துச்சு. ஆனா பழக்கம் விடல. ரேடியோ மணிக்கணக்கா ஓடும்.

ஓடினா சுடும். வால்வுக்குச் சூடுதான் உயிர். உள்ளே இருக்கிற இழை காய்ஞ்சாத்தான் எலெக்ட்ரான் கிளம்பும். அதனாலதான் சுவிட்சைப் போட்டு அரை நிமிஷம் கழிச்சு சத்தம் வரும். ஐம்பது வாட் கரண்ட் தின்னுட்டு மூணு நாலு வாட் பாட்டாகக் கொடுக்கும், மிச்சமெல்லாம் வெக்கை. அந்த வெக்கை வெளியே போகலைன்னா உள்ளே மெழுகுக் காகிதக் கபாசிட்டர் உருகும், வயரோட ரப்பர் மொறுமொறுன்னு உதிரும்.

ஒரு சித்திரை வெயில்ல எங்க ரேடியோ நின்னு போச்சு. மேலே ஆச்சி பூவேலை செஞ்ச துணி ஒண்ணு விரிச்சிருந்தாங்க. "உன் துணிதான் மூச்சு முட்ட வச்சு கொன்னுட்டு"ன்னாரு தாத்தா. சாகுறவரைக்கும் அதையே சொன்னாரு. ஆச்சி அதுக்கப்புறம் வீட்டுல எந்த ரேடியோவையும் தொட்டதில்லை, டிரான்சிஸ்டரைக் கூட.

ரெண்டு வருஷம் முன்னால அந்தப் பெட்டியை ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். திருப்பி வச்சுக் காட்டினார். மேல்பக்கம் முழுக்கக் கட்டை, ஒரு ஓட்டைகூட இல்லை. காத்துப் போற ஓட்டையெல்லாம் பின் அட்டையில.

"தம்பி, இதை எங்க வச்சிருந்திய?"

"சுவத்து மாடத்துல, அண்ணாச்சி. உள்ள தள்ளி."

சிரிச்சுட்டார். "துணி என்ன செய்யும்? பின்னால சுவரு அடைச்சிருக்குல்லா!"

மாடத்துல வச்சது தாத்தா. ஆச்சிக்கு இப்ப தொண்ணூறு வயசு. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அவிய இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா"ன்னாங்க.

டிரான்சிஸ்டர் வந்ததும் சூட்டுப் பிரச்சினை தீர்ந்துதுன்னு நினைக்காதீங்க. ஆரம்பகால ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சூடேற ஏறக் கூடுதல் கரண்ட் இழுத்து, அதுல இன்னும் சூடாகித் தானே செத்துப் போகும். சிலிகான் வந்த பிறகும் முதுகுல அலுமினியப் பட்டை தேவைப்பட்டுது.

இப்ப கேள்வி கேட்டவருக்கு. உங்க ஆம்ப்ளிஃபயர் ஆஃப் ஆகறது பெரும்பாலும் தன்னைக் காப்பாத்திக்கத்தான். உங்க பெட்டிக்கு ஓட்டை எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க. இப்பத்திய பெட்டிகளுக்கு மேல்பக்கம்தான் இருக்கும், அதனால இங்க துணியும் தப்பு, மேலே அடுக்கின செட்-டாப் பாக்ஸும் தப்பு. கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஸ்டாண்டுன்னா கதவைத் திறந்து வைங்க, பின் பலகையைக் கழட்டிடுங்க. மேலேயும் பின்னாலேயும் ஒரு சாண் இடம் விடுங்க. ஒரே வாய்ல ரெண்டு ஜோடி ஸ்பீக்கர் மாட்டியிருந்தா ஒண்ணைக் கழட்டிப் பாருங்க, ஓம் குறைஞ்சா சூடு கூடும். எங்க ஊர் மாதிரி தேரிப் புழுதி அடிக்கிற இடம்னா, பிளக்கைப் பிடுங்கிட்டு மாசம் ஒருதரம் பிரஷ்ல தூசி தட்டுங்க. அப்பவும் நிக்குதுன்னா மெக்கானிக்தான்.